ஒரு கே-லைன், மூன்று கருவிகள்: பழைய ஆக்டேவியாவில் ஸ்கேனரும் டிஸ்ப்ளேயும் சேர்ந்து ஓட வழி

கேள்வி: 2004 மாடல் ஸ்கோடா ஆக்டேவியா, 1.8 டர்போ பெட்ரோல். 16 பின் ஓபிடி (பழுது கண்டறியும்) சாக்கெட்டில் மூன்று வாய் கேபிள் ஒன்றைப் போட்டு ஹெட்-அப் டிஸ்ப்ளே, போனுக்கான ப்ளூடூத் அடாப்டர், லேப்டாப்பில் ஓடும் விசிடிஎஸ் என்ற பழுதுபார்க்கும் மென்பொருளுக்கான கேபிள் மூன்றையும் மாட்டியிருக்கிறேன். தனித்தனியாக மாட்டினால் எல்லாம் வேலை செய்கின்றன. இரண்டைச் சேர்த்தால் ஒன்று நின்றுவிடுகிறது, சில நேரம் இரண்டுமே. ஒரு வாரம் வண்டியை எடுக்காமல் விட்டால் பேட்டரியும் இறங்கிவிடுகிறது. பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்), ஆயில் பிரஷர் இரண்டையும் திரையில் பார்க்க வேண்டும். என்ன செய்யலாம்?

பதில்:

உங்கள் கேபிளில் பழுது இல்லை. கருவிகளிலும் இல்லை. அந்தக் காலத்து ஃபோக்ஸ்வாகன் குடும்ப வண்டிகளில் சாக்கெட்டின் 7ஆம் பின்னுக்கு வரும் ஒரே ஒரு வயர்தான் வெளியுலகத்தோடு பேசுகிறது. அதற்குக் கே-லைன் என்று பெயர். அதில் கேள்வி கேட்க ஒருவருக்கு மட்டுமே இடம். ஆகவே சாக்கெட்டிலேயே பிரிப்பது பலிக்காது. வண்டியோடு ஒரே கருவி பேச வேண்டும். அது வாங்கிவரும் தகவலை அதற்குப் பிறகு எத்தனை திரைக்கு வேண்டுமானாலும் பங்கு போடலாம்.

ஏன் மோதுகிறது என்பது தெரிந்தால் தீர்வும் தானாகப் புரியும். பேச்சைத் தொடங்க, ஸ்கேனர் முதலில் 33 என்ற முகவரியை நொடிக்கு 5 பிட் வேகத்தில் அனுப்புகிறது. பத்து பிட், ஒவ்வொன்றும் 200 மில்லி நொடி. இந்த ஒரு அழைப்புக்கே 2 நொடி ஆகிறது. அதற்கு முன் லைன் குறைந்தது 300 மில்லி நொடி அமைதியாக இருக்க வேண்டும். ஈசியூ, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி, 55 என்று பதில் தந்து, தொடர்ந்து இரண்டு அடையாள பைட்டுகளைத் தரும். ஸ்கேனர் இரண்டாவதைத் தலைகீழாக்கித் திருப்பி அனுப்பினால்தான் கதவு திறக்கும். இப்போது ஹெட்-அப் டிஸ்ப்ளே ஏற்கெனவே ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று வையுங்கள். ப்ளூடூத் அடாப்டருக்கு அந்த 300 மில்லி நொடி அமைதி கிடைக்கவே கிடைக்காது. பொறுக்காமல் அது 2 நொடிக்கு லைனை இழுத்து இழுத்து விட்டால் டிஸ்ப்ளேயின் பேச்சு நடுவில் அறுந்துபோகும். ஒரே வயரில் அனுப்புவதும் கேட்பதும் நடப்பதால், ஒவ்வொரு கருவியும் தான் அனுப்பிய பைட்டைத் தானே திரும்பக் கேட்டுச் சரிபார்க்கிறது. அதில் வேற்றுக்குரல் கலந்தால் பஸ் எரர் என்று விலகிவிடும். இரண்டுமே நின்றுபோவது இப்படித்தான்.

மின்சாரக் கணக்கிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒவ்வொரு ஸ்கேனருக்குள்ளும் கே-லைனை 12 வோல்ட்டுக்கு இழுத்துப் பிடிக்கும் 510 ஓம் ரெசிஸ்டர் ஒன்று உண்டு. ஈசியூ ‘0’ சொல்ல வேண்டுமென்றால் அந்த ரெசிஸ்டர் வழியே வரும் மின்னோட்டத்தை எர்த்துக்கு இறக்க வேண்டும். ஒரு கருவி என்றால் சுமார் 24 மில்லி ஆம்பியர். மூன்று சேர்ந்தால் ரெசிஸ்டர் 170 ஓமாகிறது, மின்னோட்டம் 70 மில்லி ஆம்பியரைத் தாண்டுகிறது. அனுப்பும்போது ‘0’ என்பது பேட்டரி வோல்டேஜில் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது தர விதி. மூன்று கருவிகளை இழுத்துக்கொண்டு இருபது வயது ஈசியூ அந்த அளவுக்கு இறங்குமா என்பது சந்தேகம்தான்.

சரி, எப்படியோ மோதாமல் மாற்றி மாற்றிக் கேட்க வைத்தோம் என்றே கொள்வோம். அப்போதும் வேகம் போதாது. கே-லைன் நொடிக்கு 10,400 பிட். ஆறு பைட் கேள்வியில் பைட்டுகளுக்கு நடுவே 5 மில்லி நொடி இடைவெளி விட வேண்டும். அதற்கு 31 மில்லி நொடி. ஈசியூ யோசிக்க 25 முதல் 50. பதில் வர 7 அல்லது அதற்கு மேல். அடுத்த கேள்விக்கு முன் குறைந்தது 55 காத்திருக்க வேண்டும். கூட்டினால் ஒரு கேள்விக்கு 120 முதல் 145 மில்லி நொடி. ஏட்டளவில் நொடிக்கு ஏழெட்டு. நடைமுறையில் நான்கு முதல் ஆறு கிடைத்தால் நல்ல அடாப்டர் என்று சொல்லலாம். ஆறு அளவுகளைக் கேட்கும் ஒரு திரையிலேயே ஒவ்வொன்றும் நொடிக்கு ஒருமுறைதான் மாறும். மூன்று கருவிகள் பங்கு போட்டால் ஆர்பிஎம் முள் தத்தித் தத்தித்தான் நகரும்.

எதையும் புதிதாக வாங்குவதற்கு முன் லைன் சுத்தமாக இருக்கிறதா என்று பாருங்கள். உங்களுக்குத் தேவை ஒரு மல்டிமீட்டரும் அரை வாட் 510 ஓம் ரெசிஸ்டரும்தான். எல்லாக் கருவிகளையும் கழற்றுங்கள். சாவியை ஆன் செய்யுங்கள், இன்ஜினை ஓட்ட வேண்டாம். 16க்கும் 4க்கும் நடுவே பேட்டரி வோல்டேஜ் வர வேண்டும். 5ஆம் பின்னையும் எர்த்தாக வைத்து அதே அளவை எடுங்கள். இரண்டும் ஒத்திருக்க வேண்டும். அடுத்து 16க்கும் 7க்கும் நடுவே ரெசிஸ்டரை வைத்து, 7இல் இருக்கும் வோல்டேஜைப் பாருங்கள். பேட்டரி வோல்டேஜை விட ஒரு வோல்ட் குறைவு வரை பரவாயில்லை. நன்றாகக் கீழே இறங்கிக் கிடந்தால் எங்கோ ஏதோ லைனை எர்த் பக்கம் இழுக்கிறது. பிறகு ரெசிஸ்டரை 7க்கும் 4க்கும் நடுவே மாற்றுங்கள். இப்போது வோல்டேஜ் பாதிக்கும் கீழே விழ வேண்டும். விழாமல் 12ஐ ஒட்டியே நின்றால் யாரோ அந்த வயருக்கு நேரடியாகப் பேட்டரி கரண்ட் கொடுக்கிறார்கள்.

அந்த ‘யாரோ’ பெரும்பாலும் வெளியில் வாங்கிப் போட்ட ஸ்டீரியோதான். இந்த வண்டிகளில் கம்பெனி ரேடியோவுக்கும் கே-லைன் போகிறது; ரேடியோவின் பவர் ப்ளக்கில் ஒரு வயர் அதற்கே உரியது. வெளிச்சந்தை ஆண்ட்ராய்டு ஸ்டீரியோவில் அதே இடத்தில் வேறு வேலைக்கான வயர் இருக்கும். அப்படியே குத்திவிட்டால் ஸ்கேனர் சில மாட்யூல்களோடு மட்டும் பேசும், அல்லது ஒன்றோடும் பேசாது. பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, ஓபிடி 7ஆம் பின்னுக்கும் ரேடியோ ப்ளக்கின் ஒவ்வொரு வயருக்கும் கன்டின்யூட்டி பாருங்கள். பீப் அடிக்கும் வயரை அறுக்க வேண்டாம்; அடாப்டர் ஹார்னஸ் பக்கத்தில் அந்த ஒரு டெர்மினலை வெளியே எடுத்து ஸ்லீவ் போட்டு மடக்கிவிடுங்கள். கைமாறி வந்த வண்டியாக இருந்தால் சாக்கெட்டின் பின்புறத்தையும் ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய ஜிபிஎஸ் டிராக்கர் ஒன்று டேப் சுற்றி அங்கேயே ஒட்டிக்கொண்டிருந்தால் அதுவும் கணக்கில் சேரும்.

இனி இரண்டு வழிகள். பொதுவாக ஒரே ஒரு கருவியைத்தான் பயன்படுத்துவீர்கள், மற்றவை எப்போதாவது என்றால் முதல் வழியே போதும்: தேர்வு சுவிட்ச் வைத்த சின்னப் பெட்டி. 16 பின் ஆண் ப்ளக் ஒன்று, பெண் சாக்கெட் மூன்று, இரண்டு துருவம் மூன்று நிலை ரோட்டரி சுவிட்ச் ஒன்று, 2 ஆம்பியர் ஃபியூஸ் ஹோல்டருடன். பின் 4, 5 இரண்டையும் மூன்று சாக்கெட்டுக்கும் பொதுவாக இணையுங்கள். 16 ஃபியூஸ் வழியாகப் போகட்டும். 7, 15 இரண்டையும் சுவிட்ச் வழியாக, எந்த நிலையோ அந்தச் சாக்கெட்டுக்கு மட்டும் கொடுங்கள். 15 என்பது எல்-லைன். சில ஸ்கேனர்கள் அழைக்கும்போது மட்டும் அதையும் தொடுகின்றன, அதனால் அதையும் பிரிக்க வேண்டும். மற்ற பின்களை விட்டுவிடுங்கள். பவருக்கும் எர்த்துக்கும் 0.5 சதுர மில்லிமீட்டர் வயர். கடையில் விற்கும் தட்டை ரிப்பன் பிரிப்பான்களில் எல்லா வயருமே தலைமுடி போல இருக்கும். லேப்டாப் கேபிளும் டிஸ்ப்ளேயும் சேர்ந்து இழுக்கும்போது எர்த்திலேயே வோல்டேஜ் விழும்.

சுவிட்ச் வாங்கும்போது ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்குப் போகையில் இரண்டையும் ஒருசேரத் தொடாத வகைதானா என்று கேட்டு வாங்குங்கள். மாற்றியதும் உடனே இணைக்க முயலாதீர்கள். பழைய கருவியோடு திறந்த பேச்சை ஈசியூ மறக்க 5 நொடி ஆகும். ஆறு எண்ணிவிட்டு அடுத்ததை இணையுங்கள். ‘சுவிட்ச் போட்டும் வேலை செய்யவில்லை’ என்ற புகாரில் முக்கால்வாசி இந்த 5 நொடியில் அடங்கிவிடும்.

எல்லாத் திரையும் ஒரே நேரத்தில் ஓட வேண்டுமென்றால் இரண்டாவது வழி. ப்ளூடூத் அடாப்டரையே இரண்டு போன்களோடு இணைக்கலாமா என்று கேட்பார்கள். முடியாது: ஒரு நேரத்தில் ஒரு போனோடுதான் அது பேசும். வைஃபை அடாப்டர்களும் பெரும்பாலும் அப்படித்தான். நடுவில் ஒரு தரகர் வேண்டும். எளிதான தரகர் ராஸ்ப்பெரி பை என்ற சின்னக் கணினி. அடாப்டர் பையோடு இணையும். பைதான்-ஓபிடி என்ற நூலகம் கேள்வி கேட்டுப் பதிலை வாங்கும். வாங்கியதை மஸ்கிட்டோ என்ற, தகவலைப் பலருக்கும் பகிரும் எம்க்யூடிடி சர்வருக்குக் கொடுத்துவிட்டால், பையின் வைஃபையில் இருக்கும் போன், டேப்லெட், ஈஎஸ்பி32 என்ற வைஃபை சிப் பொருத்திய வட்டத் திரை எல்லாமே அதே எண்ணை எடுத்துக் காட்டும். பத்துத் திரை வைத்தாலும் கே-லைனுக்குச் சுமை ஒன்றுதான். ஆனால் தன் ப்ளக்கோடு வரும் ஹெட்-அப் டிஸ்ப்ளேக்கு இந்த வழி பொருந்தாது. அதற்குத் தகவலை வேறு வழியில் ஊட்ட முடியாது. அதை விற்றுவிட்டு ஈஎஸ்பி32 திரை ஒன்று செய்வது நல்லது.

தரகர் எதை எத்தனை முறை கேட்கிறார் என்பதில்தான் நுட்பம் இருக்கிறது. நொடிக்கு ஐந்து கேள்வி என்ற ரேஷனை யோசித்துச் செலவிட வேண்டும். ஆர்பிஎம் இரண்டு, வேகம் இரண்டு, மீதமுள்ள ஒன்றில் கூலன்ட் வெப்பம், உள்ளிழுக்கும் காற்றின் வெப்பம், த்ராட்டில் என்று முறைவைத்து ஒவ்வொன்றாகக் கேட்கலாம். கூலன்ட் மூன்று நொடிக்கு ஒருமுறை மாறினால் யாருக்கும் நட்டமில்லை. பேட்டரி வோல்டேஜை ஈசியூவிடம் கேட்கவே வேண்டாம்: அடாப்டருக்கு ‘ஏடி ஆர்வி’ என்று அனுப்பினால் 16ஆம் பின்னில் தானே அளந்து சொல்லும், கே-லைனைத் தொடாது. புரோட்டோகாலை (வண்டியின் பேச்சு முறையை) அடாப்டர் தானாகத் தேடவும் விடாதீர்கள். ஒருமுறை ‘ஏடி டிபி’ அனுப்பி எது என்று தெரிந்துகொண்டு, ஐஎஸ்ஓ 9141-2 என்றால் ‘ஏடி எஸ்பி 3’, கேடபிள்யூபி மெதுத் தொடக்கம் என்றால் 4, வேகத் தொடக்கம் என்றால் 5 என்று நிலைநிறுத்துங்கள். சாவி போட்டதும் எண்கள் வருவதற்கான காத்திருப்பு கணிசமாகக் குறையும்.

வரும் பதிலைக் கையால் சரிபார்க்க எளிய உதாரணம் கூலன்ட்தான். ‘01 05’ என்று கேளுங்கள். ‘41 05 78’ என்று வந்தால் கடைசி 78 ஹெக்ஸ் எண், அதாவது பத்துக்குப் பதில் பதினாறை அடியாகக் கொண்டது. ஏழு பதினாறு 112, எட்டைக் கூட்டினால் 120. அதில் 40 கழித்தால் 80 டிகிரி. மீட்டர் முள்ளோடு ஒப்பிட்டால் தரகர் சரியாகப் படிக்கிறாரா என்பது தெரிந்துவிடும்.

அடாப்டர் புதிதாக வாங்குவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. ‘பதிப்பு 1.5’ என்று அச்சிட்டு விற்கும் ஈஎல்எம்327கள் (இந்த அடாப்டர்களுக்குள் இருக்கும் சிப்) எல்லாமே நகல். அந்த எண்ணில் அசல் நிறுவனம் எதையும் வெளியிடவில்லை. நகல்களிலும் நல்லவை உண்டு. ஆனால் மிக மலிவான சிலவற்றில் கே-லைனுக்கான பாகங்களையே போர்டில் வைப்பதில்லை. புதுக் காரில் ஓடும், உங்கள் வண்டியில் ஊமையாக நிற்கும். ‘நண்பர் காரில் வேலை செய்தது’ என்பது இங்கே சான்றாகாது.

சோல்டர் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு இன்னொரு நேர்த்தியான வழி உண்டு: ஒட்டுக்கேட்பது. கே-லைனில் கேள்வியும் பதிலும் ஒரே வயரில் ஓடுவதால், எதுவும் பேசாமல் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கும் திரைக்கு எந்தத் தடையும் இல்லை. எல்9637டி என்ற எட்டுக்கால் சிப்பை ஈஎஸ்பி32 முன்னால் வைத்து, அனுப்பும் காலை அதன் விசிசியோடு கட்டிவிடுங்கள். இனி அது நினைத்தாலும் பேச முடியாது. 510 ஓம் ரெசிஸ்டரையும் போடாதீர்கள், அதைக் கேள்வி கேட்கும் கருவி ஏற்கெனவே வைத்திருக்கிறது. சிப்பின் வெளிவரும் கால் 5 வோல்ட்டில் இயங்கினால் ஈஎஸ்பி32க்கு முன் வோல்டேஜைக் குறைத்துவிடுங்கள். உங்கள் ஹெட்-அப் டிஸ்ப்ளே கேட்டு வாங்குவதை அப்படியே இந்தத் திரையும் காட்டும். அது கேட்காததைக் காட்ட முடியாது என்பதுதான் குறை.

இனி பூஸ்ட், ஆயில் பிரஷர். இவ்விரண்டுக்கும் ஓபிடியை நம்ப வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. ஏர்ஃப்ளோ மீட்டரை வைத்துக் கணக்குப் போடும் இன்ஜின்களில் மேனிஃபோல்டு அழுத்தம் பொதுப் பட்டியலில் வராமலே இருக்கலாம். ‘01 00’ கேட்டால் எவை உண்டு என்று ஈசியூவே சொல்லும். வந்தாலும் அது 255 கிலோபாஸ்கலோடு நின்றுவிடும், வெளிக்காற்றின் அழுத்தமும் அதில் அடக்கம். விசிடிஎஸ்ஸில் 115ஆம் குழுவைத் திறந்தால் கேட்ட பூஸ்ட்டும் கிடைத்த பூஸ்ட்டும் பக்கத்தில் பக்கத்தில் வரும். பழுது பார்க்க அதைவிட நல்லது இல்லை, ஆனால் அது லேப்டாப்புக்கான வேலை, தினசரி ஓட்டத்துக்கானது அல்ல. ஆயில் பிரஷரோ, வண்டியிலேயே அழுத்தத்தை அளக்கும் சென்சார் கிடையாது; இருப்பது ஆன்-ஆஃப் சுவிட்ச்தான். இல்லாத எண்ணை எந்த ஸ்கேனரும் கொண்டுவர முடியாது.

ஆகவே தனிச் சென்சார்கள். பூஸ்ட்டுக்கு 3 பார் அளவு, 5 வோல்ட்டில் ஓடும் சென்சார். மேனிஃபோல்டிலிருந்து வரும் மெல்லிய வேக்கம் ஹோஸில் டீ போட்டு 4 மில்லிமீட்டர் சிலிக்கான் ஹோஸால் இழுங்கள். பிரேக் பூஸ்டருக்குப் போகும் ஹோஸை மட்டும் தொடாதீர்கள்: அங்கே கசிந்தால் பிரேக் கனத்துவிடும், வழியில் இருக்கும் ஒருவழி வால்வு காரணமாக அளவும் பொய்யாகும். டீயின் இருபுறமும் கிளிப் கட்டாயம். இங்கே ஒரு சின்னக் கசிவு ஐடிலை ஆட்டிவிடும், பிறகு பழுதைச் சென்சாரில் தேடிக்கொண்டிருப்பீர்கள். ஆயில் பிரஷருக்கு, கம்பெனி சுவிட்ச் இருக்கும் எம்10×1 துளையில் டீ அடாப்டர் வைத்து, சுவிட்சையும் சென்சாரையும் சேர்த்தே பொருத்துங்கள். எச்சரிக்கை விளக்கு பழையபடி வேலை செய்ய வேண்டும். சென்சார் கனமானது; இன்ஜின் அதிர்வில் பித்தளை டீ வெடிக்கும். சென்சாரைக் குட்டை ஹோஸில் தள்ளிப் பொருத்தி பாடியில் கிளாம்ப் போடுவது பாதுகாப்பு. அப்படிச் செய்தால் திரெட் வழியே கிடைத்த எர்த் போய்விடும். எர்த்தைத் திரெட் வழியாக எடுக்கும் சென்சார் என்றால் தனி எர்த் வயர் கொடுங்கள்.

இந்தச் சென்சார்கள் பெரும்பாலும் 0.5 முதல் 4.5 வோல்ட் வரை தரும். ஈஎஸ்பி32 தாங்குவது 3.3 தான். இரண்டு 10 கிலோ ஓம் ரெசிஸ்டரால் பாதியாக்கிக் கொடுங்கள், 4.5 என்பது 2.25 ஆகிவிடும். சென்சாரின் எர்த்தையும் ஈஎஸ்பி32இன் எர்த்தையும் ஒரே புள்ளியில் சேர்க்காவிட்டால், ஹெட்லைட் போடும்போதெல்லாம் பூஸ்ட் முள் துள்ளும்.

பேட்டரி இறங்குவதற்கு வருவோம். 16ஆம் பின் சாவியை எடுத்தாலும் உயிரோடுதான் இருக்கும். டிஸ்ப்ளேயும் அடாப்டரும் கேபிளும் சேர்ந்து 150 மில்லி ஆம்பியர் குடிப்பதாகக் கொள்ளுங்கள். நாளுக்கு 3.6, ஏழு நாளில் 25 ஆம்பியர் அவர். வண்டியின் கடிகாரமும் அலாரமும் தம் பங்கைச் சேர்த்தால், வயதான 60 ஆம்பியர் அவர் பேட்டரியில் ஸ்டார்ட்டர் சுற்ற மிச்சம் இருக்காது. ஆகவே பெட்டிக்கு வரும் 16ஐத் துண்டித்து, சாவி போட்டால் மட்டும் மூடும் ரிலே வழியாகக் கொடுங்கள். ரிலே காயிலுக்கு ஜெர்மன் வயரிங் படத்தில் 15 என்று எழுதிய லைனை எடுங்கள் (ஓபிடி சாக்கெட்டின் 15ஆம் பின் அல்ல), 75ஐ அல்ல. ஸ்டார்ட் அடிக்கும்போது 75 துண்டாகும். ஒவ்வொரு முறையும் தரகர் அணைந்து எழுவார்.

15இல் எடுத்தாலும் ஸ்டார்ட் அடிக்கும் நொடியில் வோல்டேஜ் 9க்குக் கீழே சரியலாம். ஓடும்போது பேட்டரி டெர்மினல் கழன்றால் ஆல்டர்னேட்டரிலிருந்து பல பத்து வோல்ட் எகிறும். சிகரெட் லைட்டரில் சொருகும் மலிவு சார்ஜர் இரண்டையும் தாங்காது. அகன்ற உள்ளீடு வாங்கும், உள்ளே டிவிஎஸ் டயோடு (எகிறும் வோல்டேஜை அடக்குவது) உள்ள, வண்டிக்கான கன்வெர்ட்டராகப் பாருங்கள். ராஸ்ப்பெரி பைக்கு 5 வோல்ட் 3 ஆம்பியர் வேண்டும். சாவியை எடுத்ததும் பைக்குக் கரண்ட் பட்டென்று போகும். மெமரி கார்டு கெடாமலிருக்க அதை எழுத முடியாத நிலையில் ஓடவிடும் ஓவர்லே வசதியை ஆன் செய்துவிடுங்கள்.

மாற்றிய பிறகு பேட்டரி நெகட்டிவில் மீட்டரைத் தொடராக, 10 ஆம்பியர் நிலையில் வைத்து, கதவுகளைப் பூட்டி அரை மணி நேரம் விடுங்கள். 50 மில்லி ஆம்பியருக்குக் கீழே நின்றால் நிம்மதி. அதற்கு மேல் நின்றால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, எதில் இறங்குகிறது என்று பாருங்கள். அது ஸ்டீரியோ ஃபியூஸாகவே இருக்க வாய்ப்பு அதிகம்.

ஒரு சந்தேகம் பின்னால் வரும் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன். கேன் பஸ் (மாட்யூல்கள் பேசிக்கொள்ளும் இரண்டு வயர் இணைப்பு) உள்ள புது வண்டியில் இதே மூன்று வாய் கேபிள் ஓரளவு வேலை செய்யும்; 500 கிலோபிட் வேகம், மோதினால் தானே ஒதுங்கும் அமைப்பு. அங்கும் நீளமான பதில்களில் இரண்டு ஸ்கேனரும் ஒரே நேரத்தில் ‘தொடரலாம்’ என்று சொல்லிக் குழப்புவதுண்டு. பேட்டரியைக் கழற்றி 6க்கும் 14க்கும் நடுவே 60 ஓம் வர வேண்டும். 40 என்று வந்தால் மாட்டியிருக்கும் ஏதோ ஒரு கருவிக்குள் 120 ஓம் டெர்மினேட்டர் ரெசிஸ்டர் கூடுதலாக இருக்கிறது. உங்கள் ஆக்டேவியாவிலும் இன்ஜினுக்கும் ஏபிஎஸ்ஸுக்கும் நடுவே கேன் ஓடுகிறது, ஆனால் அது சாக்கெட்டுக்கு வருவதில்லை. திரைக்காக அதை உள்ளே போய்த் தொடாதீர்கள்.

விசிடிஎஸ்ஸில் பழுதுக் குறியீடு படிப்பதற்குப் பெட்டி வழியாக இணைக்கலாம். கோடிங், த்ராட்டில் அடாப்டேஷன், சாவி பொருத்தம், ஏர்பேக் எதைத் தொட்டாலும், ஈசியூ மென்பொருளை மாற்றுவதாக இருந்தால் இன்னும் முக்கியமாக, பெட்டியை முழுதாகக் கழற்றி லேப்டாப் கேபிளை நேராக வண்டிச் சாக்கெட்டில் குத்துங்கள். பேட்டரிக்குச் சார்ஜரும் போடுங்கள். எழுதும்போது நடுவில் ஒரு பைட் சிதைந்தால் மாட்யூலைக் கழற்றி மேசையில் வைத்துத்தான் மீட்க வேண்டியிருக்கும்.